பாதிரியாருக்கு மாலையுடை

அருட்திரு ஆம்ப்ரோஸ் கெட்லி ஹார்ன்மவுத் துறைமுகத்தில் இறங்கியபோது அவரிடம் ஒரு கறுப்பு நீளக் கோட்டும், ஒரு ஜெபப் புத்தகமும், செத்துப்போன ஒருவன் சொல்லிவிட்டுப் போன நாலு வாக்கியங்களும் இருந்தன. கோட்டின் வலது கை முழங்கை வரைக்கும் வெந்து சுருங்கியிருந்தது. அதற்குள் இருந்த கையும் அப்படித்தான். வலி இல்லை. கப்பல் வைத்தியர் அதை நல்ல அறிகுறி என்றார். இரண்டு நாள் கழித்துக் கெட்ட அறிகுறி என்றார். அதன் பிறகு அவருக்கு வேறு வேலை வந்துவிட்டது.

மகாராணியின் போர்க்கப்பல் ‘லேடி அகஸ்டா’வில் கெட்லி ஒன்பது வருடம் பாதிரியாராக இருந்தவர். நாற்பத்திரண்டு வயது, கல்யாணம் ஆகாதவர், சொன்ன பேச்சைக் கேட்கிற ஆள். மார்ச் மாதம், நடுக்கடலில், காலை பத்தேகால் மணிக்கு, ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தை எழுதிக்கொண்டிருந்தபோது அவர் காலடியில் கப்பல் ஒரு தரம் தும்மியது மாதிரி இருந்தது. இரண்டாம் எண் கொதிகலன் வெடித்திருந்தது. கீழே நீராவிக்குள் இறங்கி அவர் மூன்று பேரை இழுத்துக்கொண்டு வந்தார். மூன்றாவது ஆள் ஜேபஸ் பெங்கெல்லி, உலைக்குக் கரி போடுகிறவர்களின் மேஸ்திரி. பெங்கெல்லி நாற்பது நிமிடம் உயிரோடு இருந்தான். அந்த நாற்பது நிமிடத்தில் அவன் சொன்னதைக் கேட்டது கெட்லி ஒருவர்தான்.

மொத்தம் பதினான்கு பேர். இரண்டு நாளில் பதினான்கு தடவை அதே அடக்க ஜெபத்தைக் கெட்லி படித்தார். ஐந்தாவது தடவைக்குப் பிறகு அது என்ன மொழி என்று அவருக்குத் தெரியவில்லை. நன்றாகப் படித்தார் என்று கேப்டன் சொன்னார்.

விபத்துக்குக் காரணம் யார் என்று கண்டுபிடிக்க ஹார்ன்மவுத்தில் ஒரு விசாரணை மன்றம் உட்கார்ந்தது. தலைவர் அட்மிரல் சர் பெரெக்ரின் வோல்கம். அவருக்குக் கால்வீக்கம். மாலை ஆறு மணிக்கு முன்னால் அவரை எதையும் யோசிக்க வைக்கக் கூடாது என்பது வைத்தியர் உத்தரவு. அதனால் மன்றம் ஏழு மணிக்குக் கூடி எட்டு மணிக்குக் கலையும். எட்டு மணிக்குப் பக்கத்து அறையில் விருந்து. அந்த விருந்துக்கு ஏற்ற மாலையுடையில் எல்லோரும் ஏழு மணிக்கே வந்துவிடுவார்கள்.

கெட்லிக்கும் அழைப்பு வந்தது. ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அவர் போய்ச் சேர்ந்தார். வாசலில் நின்ற லெப்டினன்ட் அவரைத் தலையிலிருந்து கால்வரைக்கும் பார்த்தான்.

“பாதிரியாரே, மணி ஏழு.”

“ஏழு மணிக்குத்தான் வரச் சொன்னாங்க.”

“வரச் சொன்னாங்க சரி. நீங்க போட்டிருக்கறது காலைக் கோட்டு.”

தன்னிடம் இருப்பது இந்த ஒன்றுதான் என்றார் கெட்லி. லெப்டினன்ட் வருத்தத்தோடு உள்ளே போய்ச் செயலாளர் டோரலைக் கூட்டிக்கொண்டு வந்தான். டோரல் மெலிந்த மனிதர், விரல்நுனியெல்லாம் மை. துறைமுகத்தில் இருந்த ஏழு குழுக்களுக்கும் அவர்தான் செயலாளர். கையில் உடுப்பு விதிப் புத்தகம் இருந்தது. அதில் அட்மிரல் முதல் வாத்தியக் குழுத் தலைவன் வரைக்கும் யார் யார் ஆறு மணிக்கு மேல் என்ன உடுத்த வேண்டும் என்று முப்பது பக்கத்துக்குப் போட்டிருந்தது. ‘பாதிரியார்’ என்ற இடத்துக்கு நேரே ‘பின்னர் அறிவிக்கப்படும்’ என்று இருந்தது. அது அச்சாகி முப்பத்தொரு வருடம்.

இத்தனை வருடம் மற்றப் பாதிரியார்கள் மாலையில் என்ன செய்தார்கள் என்று கெட்லி கேட்டார். தங்கள் அறையிலேயே இருந்தார்கள் என்று நம்பப்படுவதாக டோரல் சொன்னார். எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாமா என்று கெட்லி கேட்டார். சாட்சி எழுதிக் கொடுப்பதைத் தலைவர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும், தலைவர் ஆறு மணிக்கு மேல்தான் தலைவர் என்றார் டோரல்.

“விதிய நீங்க என் கண்ணால பாக்கணும், பாதிரியாரே. உங்களுக்கு மாலையுடைன்னு ஒண்ணு கிடையாது. இல்லாத உடையில ஒருத்தர் உள்ள வந்தா, அவர் உடையே இல்லாம வந்ததா அர்த்தம். அட்மிரல் முன்னாடி உங்கள அப்படி நிறுத்த எனக்கு மனசு வரல.”

அடுத்த நாளே விஷயம் உடுப்பு ஒழுங்குக் குழுவுக்கு அனுப்பப்பட்டது. அதுவரை சாட்சி, தான் சொல்லப்போவதை வேறு யாரிடமும் சொல்லக் கூடாது என்று ஒரு தாளில் கெட்லியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். இடது கையால் போட்டார்.

*

உடுப்பு ஒழுங்குக் குழு காலை பதினொரு மணிக்குக் கூடியது. தலைவர் கேப்டன் தாக்வெல். உறுப்பினர், துறைமுகத் தேவாலயத்தின் மூத்த குரு. குறிப்பு எடுக்க டோரல். முப்பத்தொரு வருடத்துக் கடனைத் தங்கள் காலத்தில் தீர்க்கப் போகிறோம் என்பதில் மூவருக்கும் நல்ல உற்சாகம். உயரம், பருமன், தோள் எல்லாவற்றிலும் கெட்லி சராசரியாக இருப்பது தெரிந்ததும் உற்சாகம் இன்னும் கூடியது. கடற்படையின் எல்லாப் பாதிரியார்களுக்கும் அவர் உடம்பே மாதிரி என்று அன்றைக்கே தீர்மானம் ஆனது. ஒரு மரமுக்காலியைக் கொண்டுவந்து போட்டு அதன் மேல் ஏறி நிற்கச் சொன்னார்கள். ஏறி நின்றார்.

ஆறு வாரம் நின்றார்.

முதல் வாரம் முழுக்க வால். கோட்டின் பின்பக்கம் இரண்டு வால் தொங்க வேண்டுமா வேண்டாமா என்பது கேள்வி. வால் வைத்தால் பாதிரியார் நடனம் ஆடுவார் என்று பார்க்கிறவர்கள் நினைத்துவிடுவார்கள் என்று மூத்த குரு கவலைப்பட்டார். தாக்வெல் எழுந்து நின்று பேசினார்.

“வால் இல்லாம ஒருத்தன் மேசைக்கு வந்தா பரிமாற வந்தவன்னு நெனச்சு அவன் கையில தட்டக் குடுத்துடுவாங்க. நான் முப்பத்தாறு வருஷமா கடற்படையில இருக்கேன். ஒரு சண்டையும் பாத்ததில்ல, அத நான் மறைக்கல. ஆனா தப்பான உடுப்புல ஒரு மனுஷன என் மேசையில உக்கார விட்டதில்ல. சாம்ராஜ்யம் இன்னைக்கும் நிக்குது. எதனாலன்னு நெனைக்கிறீங்க?”

வால் இருக்கும், ஆனால் இரண்டையும் சேர்த்துத் தைத்துவிடலாம் என்று முடிவானது.

இரண்டாம் வாரம் பொத்தான். பன்னிரண்டு பொத்தான், அப்போஸ்தலருக்கு ஒன்றாக, என்று தாக்வெல் சொன்னார். அதில் ஒன்று யூதாஸ் ஆகிவிடுமே என்று மூத்த குரு சொன்னார். பதினொன்று வைத்தால் இடைவெளி சரியாக வரவில்லை. நாலு நாள் விவாதத்துக்குப் பிறகு, பன்னிரண்டு வைப்பது, கடைசிப் பொத்தானை எப்போதும் போடாமல் விடுவது என்று தீர்மானித்தார்கள்.

இத்தனையையும் கெட்லியின் மேல் துணியாக ஏற்றி இறக்கியவர் தையல்காரர் கிளெக். வாய் நிறையக் குண்டூசி வைத்திருப்பார், அதனால் அதிகம் பேச மாட்டார். மூன்றாம் நாள் வலது கைக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

“குத்துதுங்களா?”

“தெரியல.”

“ரத்தம் வருதுங்களே.”

“அப்ப குத்தியிருக்கும்.”

கிளெக் வாயிலிருந்த ஊசிகளை எல்லாம் எடுத்து மேசையில் வைத்தார். தன் கைக்குட்டையால் அந்தக் கையைச் சுற்றிக் கட்டினார். அன்றிலிருந்து வலது சட்டைக்கையை மட்டும் தனியாகக் கழற்றி எடுத்து, தன் மடியில் வைத்து ஊசி குத்துவார். குழு இதைக் கவனிக்கவில்லை. கெட்லியும் அதிகம் கவனிக்கவில்லை. முக்காலியில் நிற்கும்போது அவர் எதிர்ச் சுவரில் இருந்த ஒரு விரிசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். அது மேலிருந்து கீழே வரும், பாதியில் நின்றுவிடும். ஒரு நாளைக்கு ஒரு தடவை அவர் கையைத் தூக்கி, விசாரணையில் தன்னை எப்போது கூப்பிடுவார்கள் என்று கேட்பார். கையைத் தூக்கினால் தோள் மடிப்பு கலைகிறது என்று கிளெக்கைத் திட்டுவார்கள்.

மூன்றாம் வாரம் சாப்பாட்டுச் சோதனை. ஆறு நாள் தொடர்ந்து காலை பதினொரு மணிக்குக் கெட்டியான பட்டாணி சூப்பைக் கொண்டுவந்து வைத்தார்கள். காலர் இடிக்காமல், உள்கோட்டில் சிந்தாமல் ஒரு பாதிரியாரால் எத்தனை கரண்டி குடிக்க முடியும் என்று பார்ப்பதற்காக. கெட்லி குடித்தார். ஒன்றிலும் ருசி இல்லை. ஆறாம் நாள் மூத்த குரு, உப்புக்குப் பதில் சர்க்கரை போட்டுவிட்டதாகச் சமையல்காரனைக் கடிந்துகொண்டார். கெட்லி கிண்ணத்தைக் காலி செய்திருந்தார்.

நாலாம் வாரம் முழந்தாளிட்டுப் பார்க்கச் சொன்னார்கள். கால்சட்டையின் தையல் தாங்குமா என்று தெரிய வேண்டும். அப்போது மூத்த குருவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. விருந்து நடந்துகொண்டிருக்கும்போது கீழ்த்தளத்தில் யாராவது சாகக் கிடந்தால் பாதிரியார் இந்த உடுப்போடு போகலாமா?

“சாப்பாட்டு நேரத்துல சாகறவன் கப்பல் ஒழுங்க மதிக்காதவன்” என்றார் தாக்வெல்.

முக்காலியிலிருந்து இறங்கித் தரையில் முழந்தாளிட்டிருந்த கெட்லி, சுவரைப் பார்த்தபடியே பேசினார்.

“லேடி அகஸ்டாவுல கால்மணி நேரத்துல அஞ்சு பேர் செத்தாங்க.”

கிளெக் அசையாமல் நின்றார். டோரல் பேனாவை எடுத்தார்.

“அப்ப மணி என்ன?”

“காலை பத்தேகால்.”

“அப்ப மாலையுடைக்குச் சம்பந்தமில்ல” என்றார் டோரல். எல்லோரும் மூச்சுவிட்டார்கள்.

*

குழு அறைக்கு வெளியே, தாழ்வாரத்தில் ஒரு நீளப் பெஞ்சு உண்டு. அதில் தினமும் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். மெர்சி பெங்கெல்லி, ஜேபஸின் மனைவி. முப்பத்தைந்து வயது இருக்கும். விடிகாலையில் மீன் சந்தையில் ஹெர்ரிங் மீனுக்குக் குடல் எடுத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு இங்கே வந்துவிடுவாள். விசாரணை முடிவு வந்ததும் சொல்லுவோம், அதுவரை காத்திரு என்று காவலாளி சொல்லியிருந்தான். எங்கே காத்திருப்பது என்று அவன் சொல்லாததால் அவள் அங்கேயே காத்திருந்தாள்.

ஊரில் ஏற்கெனவே பேச்சு கிளம்பியிருந்தது. மேஸ்திரி உலைக்கு முன்னால் தூங்கிவிட்டான், அவனால்தான் மற்ற பதின்மூன்று பேரும் போனார்கள் என்று. அந்தப் பதின்மூன்று பேரின் வீடுகளும் மெர்சி இருந்த தெருவிலேயே இருந்தன.

கெட்லி இடைவேளையில் வந்து பெஞ்சின் மறுமுனையில் உட்காருவார். முதல் இரண்டு வாரம் இருவரும் பேசவில்லை. ஒரு நாள் அவள் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்திருந்த பொரித்த மீனில் பாதியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

“நீங்க அவரு பக்கத்துல இருந்தீங்கன்னு சொன்னாங்க.”

“இருந்தேன்.”

“எதாச்சும் சொன்னாராய்யா?”

“சொன்னார்.” கெட்லி மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார். “சாட்சி சொல்றதுக்கு முன்னாடி யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு எழுதி வாங்கியிருக்காங்க.”

அவள் விரலில் ஒட்டியிருந்த எண்ணெயைத் துடைத்தாள்.

“அப்ப சொல்லாதீங்க. எங்கிட்ட சொல்லப்போயி அது செல்லாமப் போயிடும். நான் கேக்கல.”

அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை. தினமும் பாதி மீன் மட்டும் வந்தது. கெட்லி இரவில் படுத்துக்கொண்டு அந்த நாலு வாக்கியங்களை வரிசையாகச் சொல்லிப் பார்ப்பார். ஒரு சொல்கூட மாறவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகு தூங்குவார். சொல்லிப் பார்க்கும்போது எதுவும் தோன்றாது. சாமான் பட்டியலைச் சரிபார்ப்பது மாதிரிதான் இருந்தது.

*

மே மாதம் நடுவில் உடுப்பு தயாரானது. சேர்த்துத் தைத்த வால், பன்னிரண்டு பொத்தான், கழுத்துவரை மூடிய பட்டு உள்கோட்டு, தாடையைத் தாங்கும் வெள்ளைக் காலர். அன்று மாலை ஏழு மணிக்குக் கெட்லி அதைப் போட்டுக்கொண்டு மன்றத்து வாசலுக்குப் போனார். லெப்டினன்ட் விறைத்து நின்று சல்யூட் அடித்தான்.

உள்ளே அட்மிரல் வோல்கம் வீங்கிய காலை ஒரு மணையின் மேல் நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தாக்வெல்லும் மூத்த குருவும் இருந்தார்கள். டோரல் பேனாவோடு தயாராக இருந்தார். பேசச் சொன்னார்கள். கெட்லி பேசினார். வெடித்த நேரம், கீழே கண்டது, யார் யாரை எங்கே எடுத்தது, பெங்கெல்லி உயிரோடு இருந்த நாற்பது நிமிடம், அவன் சொன்ன நாலு வாக்கியம். ஒரு சொல்லும் சிந்தாமல் சொன்னார். தன் குரல் வேறு யாரோ படிப்பது போலக் காதில் விழுந்தது. முடித்தபோது ஆறு நிமிடம் ஆகியிருந்தது.

அட்மிரல் முன்னால் சாய்ந்து அவரைக் கவனமாகப் பார்த்தார்.

“இன்னொரு தடவ சொல்லுங்க.”

ஆறு வாரத்தில் முதல் தடவையாகக் கெட்லிக்கு உள்ளே எங்கோ ஏதோ அசைந்தது. ஆரம்பத்திலிருந்து மறுபடியும் சொன்னார், இந்தத் தடவை இன்னும் தெளிவாக. அட்மிரல் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் தாக்வெல் பக்கம் திரும்பினார்.

“பாத்தீங்களா தாக்வெல், ரெண்டாம் தடவையும் காலர் நகரல.”

நகரவில்லை என்று தாக்வெல் ஒத்துக்கொண்டார். மூத்த குரு தையல்காரரைப் பாராட்டினார். கெட்லி தன் சாட்சியை ஏற்றுக்கொண்டார்களா என்று டோரலிடம் கேட்டார்.

“சாட்சியா?” டோரல் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தார். “விசாரணை போன வியாழக்கிழமையே முடிஞ்சுபோச்சே. இன்னைக்கு நிகழ்ச்சி நிரல்ல இருக்கறது மாலையுடை, பேச்சுச் சோதனை. பிரமாதமா வந்திருக்கு.” அவர் எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினார்: ‘பாதிரியார் இருமுறை, ஒவ்வொரு முறையும் ஆறு நிமிடம், துக்கமான ஒரு பொருள் பற்றி இடைவிடாது பேசியும் காலர் இடம் பெயரவில்லை.’

பொருள் என்ன என்று அவர் எழுதவில்லை. உடுப்புக்கு அது தேவைப்படவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு வரச் சொன்னார்கள். உடுப்பை முத்திரை வைத்து மாதிரியாக்கி, கண்ணாடிப் பெட்டியில் பூட்டிவிடுவார்கள். வெளிச்சத்தில் ஒரு தடவை போட்டுக் காட்ட வேண்டும். கெட்லி சரி என்றார். சொன்ன பேச்சைக் கேட்கிற ஆள் என்றேனே.

மறுநாள் அவரை முக்காலியில் நிறுத்தி, காலருக்குப் பின்னால் ஒரு நாடாவைக் கோர்த்து, அதன் நுனியில் அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை குத்தினார்கள். அரக்கு ஆறட்டும், பத்து நிமிடம் தாழ்வாரத்தில் நில்லுங்கள் என்றார்கள். வெளியே வந்தார். மெர்சி அறிவிப்புப் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். புதிதாக ஒரு தாள் ஒட்டியிருந்தது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. கெட்லியைப் பார்த்ததும் ஒதுங்கி இடம் விட்டாள்.

“காலைல ஒட்டுனாங்க. என்ன போட்டிருக்குய்யா?”

கெட்லி படித்தார். முதலில் மனதுக்குள். பிறகு, அவள் காத்துக்கொண்டிருந்ததால், வாய்விட்டு. கொதிகலனில் குறை இல்லை. அதிகாரிகள் மீது குறை இல்லை. உலை மேஸ்திரி ஜேபஸ் பெங்கெல்லி பணி நேரத்தில் உறங்கியதே பதினான்கு மரணங்களுக்கும் காரணம். சாட்சி சொல்ல எவரும் முன்வரவில்லை.

மெர்சி தலையாட்டினாள். பெஞ்சின் மேலிருந்த காகிதப் பொட்டலத்தை எடுத்து, வழக்கம் போலப் பாதியைப் பிரித்து அவரிடம் கொடுத்தாள். பிறகு படியிறங்கிப் போனாள்.

கெட்லி மீனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். உள்ளேயிருந்து டோரல் கூப்பிட்டார், அரக்கு ஆறியிருக்கும் என்று. கெட்லி அவளுக்குப் பின்னால் படியிறங்கினார்.

*

மீன் சந்தையில் அந்த நேரத்துக்கு நாற்பது, ஐம்பது பெண்கள் வரிசையாக நின்று ஹெர்ரிங்குக்குக் குடல் எடுத்துக்கொண்டிருப்பார்கள். மெர்சி தன் இடத்துக்குப் போய்க் கத்தியைக் கையில் எடுத்திருந்தாள். வால் கோட்டும் பட்டு உள்கோட்டுமாக, கழுத்துக்குப் பின்னால் சிவப்பு அரக்கு தொங்க, ஒருவர் மீன் தண்ணீரில் நடந்து வருவதைப் பார்த்து ஒரு கிழவி கத்தியைத் தாழ்த்தினாள்.

“ஏய் மெர்சி, யாருடி இது? கல்யாண மாப்பிள்ளையா, பொணத்துக்கு வந்தவரா?”

ரெண்டு பேர் சிரித்தார்கள். கெட்லி மெர்சியின் தொட்டிக்கு எதிர்ப்பக்கம் வந்து நின்றார். அவள் மீனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“மெர்சி, அவர் சொன்னத சொல்றேன்.”

“இப்ப எதுக்குய்யா.”

“கேளு. ‘வால்வு இறுகிப் போயிருந்துது, பாதிரியாரே. மூணு தடவ மேல போய்ச் சொன்னேன். கப்பலோட வேகப் பரீட்சை முடியட்டும், கரைக்குப் போய்ப் பாத்துக்கலாம்னாங்க. மெர்சிகிட்ட சொல்லுங்க, நான் கண்ணசரல.’ இவ்வளவுதான் சொன்னார்.”

கத்திகள் ஒவ்வொன்றாக நின்றன. பின்வரிசையில் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை. கிழவி, கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க, அந்தப் பதின்மூணுல என் மகனும் உண்டு என்றாள். கெட்லி ஒரு மீன் பெட்டியின் மேல் ஏறி நின்று மறுபடியும் சொன்னார். இப்போது அவருக்குக் குரல் நடுங்கியது. எதனால் என்று அவருக்கே புரியவில்லை. மூன்றாம் தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது லெப்டினன்ட் நாலு வீரர்களோடு ஓடி வந்தான்.

“பாதிரியாரே,” மூச்சு வாங்கினான். “மணி பதினொண்ணு.”

*

உடுப்பு ஒழுங்குக் குழு அன்று மதியமே கூடியது. முத்திரை வைத்த மாலையுடையைப் பகல் வெளிச்சத்தில், பொது இடத்தில், மீன் செதிலோடு அணிந்தது. முப்பத்தாறு வருடத்தில் இப்படி ஒன்றைக் கண்டதில்லை என்று தாக்வெல் சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது.

“கப்பல் மூழ்கலாம் பாதிரியாரே, வேற கட்டிக்கலாம். ஆளுங்க போகலாம், ஆளுங்க வருவாங்க. மாதிரி உடுப்பு ஒண்ணுதான் இருந்துது. அதுல நீங்க மீன் தண்ணி பட வச்சுட்டீங்க.”

குற்றத்தைக் கெட்லி மறுக்கவில்லை. தண்டனைக்கு, குற்றம் எவ்வளவு நேரம் நீடித்தது என்று தெரிய வேண்டியிருந்தது. சந்தையில் கடிகாரம் கிடையாது. பாதிரியார் அங்கே என்னென்ன பேசினார் என்று சொல்லுக்குச் சொல் எழுதி, அதைப் படித்துப் பார்த்து நேரத்தைக் கணக்கிடலாம் என்று டோரல் யோசனை சொன்னார். தன் குறிப்பில் எந்தக் காலத்திலும் ஒரு சொல் விடுபட்டதில்லை என்று அவர் பெருமையாக நினைவூட்டினார். பேனாவை மையில் தோய்த்தார்.

“சொல்லுங்க. சந்தையில முதல்ல என்ன பேசுனீங்க?”

கெட்லி வாயைத் திறந்தார். பேனா காகிதத்தின் மேல் காத்திருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி எழுத வைக்கிற வேகத்தில், ஒவ்வொரு சொல்லாகச் சொல்ல ஆரம்பித்தார். ‘இறுகி’ என்பதில் எந்த ‘று’ என்றுகூடச் சொன்னார். அன்று காலை மேலே பொறுப்பில் இருந்த இரண்டு அதிகாரிகள் யார் என்று ஒன்பது வருடம் அந்தக் கப்பலில் இருந்தவருக்குத் தெரியும். மேலே யாரிடம் சொல்லப்பட்டது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டார். சந்தையில் சொன்னீர்களா என்று டோரல் கேட்டார். மூன்றாம் தடவை சொன்னேன் என்றார் கெட்லி. அது பொய். அவர் வாழ்க்கையில் அதிகாரிகளிடம் சொன்ன முதல் பொய். டோரல் இரண்டு பெயர்களையும் எழுதிக்கொண்டார்.

மூலையில் கறை போக்கிக்கொண்டிருந்த கிளெக் தலை நிமிராமல், பேச்சு நீளமாகவே இருந்ததாகத் தானும் கேள்விப்பட்டதாகச் சொன்னார்.

கெட்லியின் பெயர் கடற்படைப் பாதிரியார் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. உடுப்புக் குற்றங்கள் மற்றவர்களுக்கு எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதால், தீர்ப்பும் அதன் ஆதாரமும் ஒரு எழுத்துக் குறையாமல் அச்சடிக்கப்பட்டு, ஒவ்வொரு கப்பலிலும் எல்லா ஊழியர்களையும் மேல்தளத்தில் நிறுத்தி வாசிக்கப்பட வேண்டும் என்று தாக்வெல் உத்தரவிட்டார். அட்மிரல் மாலை ஏழு மணிக்கு, விருந்துக்கு முன்னால், அதில் கையெழுத்துப் போட்டார்.

ஜூன் முதல் திங்கட்கிழமை காலை, கெட்லி கடன் வாங்கிய பழுப்புக் கோட்டோடு துறைமுக மதிலோரம் நின்றார். மெர்சியும் வந்திருந்தாள். கைக்கெட்டும் தூரத்தில் ‘ஹனோரியா’ என்ற கப்பல் கட்டியிருந்தது. மேல்தளத்தில் அறுநூறு பேர் வரிசையாக நிற்க, இளம் அதிகாரி ஒருவன் ஒரே சீராக, ஏற்ற இறக்கம் இல்லாமல் படித்தான்:

“மேற்படி பாதிரியார், பன்னிரண்டாவது பொத்தான் முறைப்படி திறந்த நிலையில், பகல் பதினொரு மணிக்குக் கீழ்க்கண்டவாறு பேசியது நிரூபணமாகிறது. வால்வு இறுகிப் போயிருந்தது. மூன்று தடவை மேலே போய்ச் சொன்னேன்…”

அதிகாரி தொடர்ந்து படித்தான். யாரிடம் சொல்லப்பட்டது என்பதைப் படித்தான். ஜேபஸ் பெங்கெல்லி கண்ணயரவில்லை என்பதைப் படித்தான். பின்வரிசையில், கரி படிந்த முகத்தோடு நின்றவர்களில் ஒருவன் தொப்பியைக் கழற்றினான். பக்கத்தில் இருந்தவன் கழற்றினான். வரிசை முழுவதும் கழற்றியது. அதிகாரி நிமிர்ந்து பார்த்தான். அதற்கு விதி இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் தாளைத் திருப்பிப் பார்த்தான். கப்பலின் பொறியாளர் மட்டும் வரிசையிலிருந்து மெல்ல நழுவி, தன் கப்பலின் வால்வைப் பார்க்க உலை அறைக்குப் போகும் ஏணியில் இறங்கினார்.

மெர்சி மதிலை இறுகப் பிடித்துக்கொண்டு கடைசி வரி வரைக்கும் கேட்டாள். ஊழியர்கள் கலைந்து போன பிறகும் கையை எடுக்கவில்லை.

“இன்னொரு தடவ படிப்பாங்களாய்யா?”

“இதுல படிக்க மாட்டாங்க. ஒரு கப்பலுக்கு ஒரு தடவதான் உத்தரவு.”

“மொத்தம் எத்தன கப்பல் நிக்குது?”

“இங்க பதினேழு.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சால்வையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டாள். அடுத்த துறையில் நின்ற கப்பலில் ஊழியர்களை மேல்தளத்துக்குக் கூப்பிடும் விசில் ஊதியது. இருவரும் எட்டி நடந்தார்கள்.